தகிட... தகிட... மாட வீதி!

மயிலாப்பூரில் யாரிடமாவது போய், "எனக்கு எம்.எஸ்." என்று சொல்லிப் பாருங்கள்.

"அடடே! சுப்ரபாதமா, பஜகோவிந்தமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் எதிர் ஃப்ளாட் மாமி ஒரு படி மேலே. "எங்காத்துலயும் எல்லாருக்கும் எம்.எஸ்.தான். மாமா மட்டும் பட்டம்மாள் கட்சி!" என்றார், தன் கட்சிக்கு ஒரு ஓட்டு சேர்ந்த சந்தோஷத்தில்.

நான் சொல்ல வந்தது வேறு எம்.எஸ். மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ். உடம்புக்குக் காவல் இருக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் சொந்த வீட்டுக்குள்ளேயே புகுந்து அடிக்கிற வியாதி. மூளை, தண்டுவடம், கண் நரம்பு இங்கெல்லாம் நரம்பைச் சுற்றி மயலின் என்று ஓர் உறை இருக்கிறது. எலெக்ட்ரிக் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் இருக்கிற மாதிரி. அதை எலி கடித்தால் என்ன ஆகும்? லைட் விட்டு விட்டு எரியும். சில சமயம் எரியவே எரியாது. எனக்கு இடது காலில் லைட் விட்டு விட்டு எரிகிறது. விஷயம் அவ்வளவுதான்.

பயப்படாதீர்கள், இது தொற்று வியாதி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தே படிக்கலாம்!

1868-ல் பாரிஸ் டாக்டர் ஷார்கோ என்பவர் இந்த வியாதியை அக்குவேறு ஆணிவேறாக விவரித்தார். இன்றைக்கு உலகத்தில் 28 லட்சம் பேருக்கு மேல் இதோடு வாழ்கிறார்கள். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் வந்து கதவைத் தட்டும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. குளிர் தேசங்களில் அதிகம், நம் பக்கம் குறைவு. சீட்டுக் குலுக்கலில் ஒரு எவர்சில்வர் டம்ளர்கூட விழாத எனக்கு, இது விழுந்தது.

ஆனால், இந்தக் கட்டுரை வியாதியைப் பற்றியது இல்லை. நடையைப் பற்றியது. பிறந்து வளர்ந்த இதே ஊரில், முப்பது வயதுக்கு மேல் ஒருத்தன் முதலிலிருந்து நடக்கக் கற்றுக்கொண்ட கதை.

* * *

கதை தி.நகரில் ஆரம்பிக்கிறது. 2018 தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. புடவைக் கடை ஒன்றில் என் மனைவி சிவப்புப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டினாள்.

"சாயம் போனதை எடுத்துக் காட்டறாங்களே!" என்றேன்.

"சாயம் போனதா? ரத்தச் சிவப்பா இருக்குங்க!"

எனக்கு அது வெந்து ஆறிப்போன தக்காளி மாதிரி தெரிந்தது. கடைப் பையன் பாவம், ஆறு புடவை பிரித்தான். ஆறும் தக்காளி. யதேச்சையாக ஒரு கண்ணைக் கசக்கினேன். மற்ற கண்ணுக்கு அதே புடவை பளீரென்று சிவந்தது. கையை மாற்றினேன், மறுபடி தக்காளி. நடுக்கடையில் கண்ணைப் பொத்திப் பொத்தித் திறக்கிற புருஷனை மனைவிமார்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி ஒரு பார்வை கிடைத்தது.

கண் நரம்பில் வீக்கம் வந்தால் முதலில் மங்குவது சிவப்பு நிறம்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். சில வாரங்களில் பார்வை தானாகத் திரும்பியது. நானும் மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் செருப்பு காணாமல் போக ஆரம்பித்தது. கோயில் வாசலில் காணாமல் போனால் பரவாயில்லை, அது மரபு. எனக்கு நடந்துகொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று. லஸ் கார்னரில் ஒரு நாள், "ஸார்! ஒத்தைச் செருப்பு அங்கயே கெடக்குது ஸார்!" என்று பூக்காரம்மா கூப்பிட்டபோதுதான் குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். பத்தடி தூரமாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன். வெயிலில் தார் ரோடு கொதிக்கிறது, காலுக்குத் தகவல் வரவில்லை!

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பெயர் சொன்னார்கள். "கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கு. அடியோட குணமாக்கற மருந்து இன்னும் வரலை" என்று ஒளிக்காமல் சொன்ன அந்த டாக்டருக்கு நன்றி.

நான் அப்போது தி.நகரில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 38 படிகள். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்கிறீர்களா? நன்றாக நடக்கிறவனுக்குப் படி என்றால் படி. நடக்க முடியாதவனுக்குத்தான் அது 38. ஒரு நாள் பத்தொன்பதாவது படியில் உட்கார்ந்து, ஏறுவதா இறங்குவதா என்று யோசித்தேன். இறங்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுத ஆரம்பித்தவன்தான். உங்கள் கஷ்டகாலம், இன்னும் நிறுத்தவில்லை.

* * *

அடையாறில் ஒரு பிசியோதெரபி அம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆனால், ஹெட்மிஸ்ட்ரஸ் குரல். நான் ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டு, அதை இடது கையில் பிடித்தபடி கம்பீரமாக உள்ளே நுழைந்தேன்.

"எந்தக் கால் ஸார் வீக்?"

"இடது."

"அப்ப தடியை வலது கையில பிடிங்க."

"அதெப்படிங்க? விழறது இந்தப் பக்கம், முட்டுக் கொடுக்கறது அந்தப் பக்கமா?"

"மிலிட்டரி பரேட் பார்த்திருக்கீங்களா? இடது கால் முன்னாடி போறப்ப எந்தக் கை முன்னாடி போகுது?"

யோசித்தேன். வலது கை. அதுதான் சூட்சுமம். பலவீனமான கால் பூமியில் பதியும்போது எதிர்ப்பக்கக் கையில் தடி ஊன்றினால்தான் பாரம் பங்கு பிரியும். உங்கள் தெருவில் தடி ஊன்றி நடக்கிற பத்துப் பேரைப் பாருங்கள், அதில் சிலராவது என்னைப் போலத் தப்பான கையில் பிடித்திருப்பார்கள். தடியின் உயரமும் இஷ்டத்துக்கு இல்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். (என்னைவிட என் தடிக்குத்தான் இப்போது அடிக்கடி சர்வீஸ்.)

படிக்கட்டுக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்தார். "நல்லவங்க மேலே, கெட்டவங்க கீழே." ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில், தடியோடு. சொர்க்கம், நரகம் கணக்கு. கோயிலில் நான் முணுமுணுத்துக்கொண்டே படி இறங்குவதைப் பார்த்து, "என்ன ஸ்லோகம் தம்பி அது?" என்று ஒரு பெரியவர் பக்தியோடு கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றிலும் கஷ்டமான பாடம், தரையிலிருந்து எழுந்திருப்பது. நம்மூரில் இலை போடுவதும் தரையில், பூஜையும் தரையில், பேத்தலும் தரையில். ஒருக்களித்து, முழங்காலும் கையுமாக யானை போல நின்று, நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் வைத்து... முதல் தடவை எழுந்து நிற்க நாலு நிமிஷம் ஆயிற்று. மகள் கைதட்டினாள். ஒரு வயதில் அவள் எழுந்து நின்றபோது நான் தட்டினேன். கணக்கு நேர்.

"இதெல்லாம் பண்ணினா நரம்பு சரியாயிடுமா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"நரம்பு சரியாகறது வேற. நடக்கக் கத்துக்கறது வேற. உங்களுக்கு எது வேணும்?"

பதில் சொல்லாமல், திரும்ப வழியில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தை நினைத்துக்கொண்டேன். அடையாறு ஆலமரம். ஸ்கூல் எக்ஸ்கர்ஷனில் பார்த்திருப்பீர்கள். சுமார் 450 வயது. அதன் நடுவில் இருந்த தாய் மரம் 1989-ல் அடித்த புயலில் சாய்ந்துவிட்டது. தூக்கி நிறுத்தப் பார்த்தும் பிழைக்கவில்லை. ஆனால், ஆலமரம் இன்றும் இருக்கிறது. எப்படி? விழுதுகள்! விழுது ஒவ்வொன்றும் பூமியைப் பிடித்து, நாளாவட்டத்தில் தானே ஒரு மரமாகி, மொத்தத்தையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

மூளையும் ஏறக்குறைய அப்படித்தானாம். ஒரு பாதை அடைத்தால், திரும்பத் திரும்பப் பழகப் பழக, பக்கத்துப் பாதைகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால், ஒரு காலத்தில் டாக்டர்கள் எம்.எஸ். வந்தவர்களிடம், "அலட்டிக்காதீங்க, படுத்து ரெஸ்ட் எடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 54 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு 15 வாரம் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்தவர்களுக்கு வியாதி முற்றவில்லை, தெம்பு கூடியது. அதற்குப் பிறகுதான் காற்று திசை மாறியது. படுத்திரு என்ற காலம் போய், பழகு என்ற காலம் வந்தது.

* * *

ஆக, பழக வேண்டும். ஆனால், எனக்கு நடையில் ஒழுங்கு வரவில்லை. தடி ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "யோசிச்சு யோசிச்சு நடக்காதீங்க" என்றார் பிசியோ அம்மா. யோசிக்காவிட்டால் விழுகிறேன்!

தீர்வு பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வந்தது. அங்கே பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து, பாடத்தை வாயால் சொல்லித் தொடையில் தட்டுவான். "தகிட தகிட தகிட தகிட..." இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்தைப் பற்றி அசோசியேஷனில் புகார் கொடுக்க நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டு வந்தேன்.

ஒரு நாள் வராந்தாவில் நான் தத்தித் தத்தி நடக்க, உள்ளேயிருந்து "தகிட" வர, கால் தானாக அதில் விழுந்தது. 'த'வுக்குத் தடி. 'கி'க்கு இடது கால். 'ட'வுக்கு வலது கால். த... கி... ட. த... கி... ட. வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடுமாறாமல் போய்விட்டேன்! திரும்பினேன். பாடம் நின்றது. நானும் நின்றேன். கதவைத் திறந்து பையன் எட்டிப் பார்த்தான்.

"நிறுத்தாதேடா கண்ணா!" என்றேன்.

அவ்வளவுதான். பிசியோதெரபிக்கு ஒரு வித்வான் கிடைத்துவிட்டான். பையன் ரொம்பக் கண்டிப்பு. "அங்கிள், நீங்க 'ட'வை முழுங்கறீங்க." உண்மைதான். இடது கால்மேல் நிற்கப் பயந்து வலது காலை அவசரமாக வைத்துவிடுவேன். "காலப்பிரமாணம் ஓடுது அங்கிள்!" என்பான். ஆபீஸில்கூட நான் இவ்வளவு திட்டு வாங்கியதில்லை.

நாலு மாதம் திஸ்ர நடை. அப்புறம் ஒரு நாள், தடியும் இடது காலும் சேர்ந்தே விழ, அடுத்தது வலது கால். மூன்று எண்ணிக்கை இரண்டானது. "தக... தக..." பையன் துள்ளிவிட்டான். "அங்கிள், சதுஸ்ரத்துக்கு வந்துட்டீங்க! தகதிமின்னா நாலு அடி!" பிசியோ அம்மாவிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்கு ஏதோ பெயர் இருக்கிறதாம். தாளத்துக்கு நடந்தால் நடை சீராகும் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றனவாம். மயிலாப்பூர்க்காரனிடம் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணியா சொல்ல வேண்டும்?

மந்தைவெளியில் நாற்காலி யோகாவும் சேர்ந்துகொண்டது. யோகாசாரியர் கிருஷ்ணமாசாரியார் நூறு வயது வாழ்ந்து 1989-ல் மறைந்தது இந்தச் சென்னையில்தான். ஆசனத்துக்கு ஆளை வளைக்காதே, ஆளுக்குத் தகுந்தபடி ஆசனத்தை வளை என்பது அவர் வழி. அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தந்தை பெயரில் தொடங்கிய யோக மந்திரம் மந்தைவெளியில் இன்றும் இருக்கிறது. அந்த வழி வந்த ஓர் ஆசிரியர் எனக்கு முதல் மாதம் கற்றுத் தந்தது ஒன்றே ஒன்றுதான்: நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்குவது. "இவ்வளவுதானா?" என்றேன். "அவசரமா எங்கயாவது போகணுமா?" என்றார். எனக்கு எங்கே போகணும்?

ஒரு இடம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

* * *

வராந்தா பாஸானதும் ஊர். நாகேஸ்வரராவ் பூங்காவில் ஆரம்பித்தேன். லஸ்ஸில் அதைவிட்டால் நிழலும் சமதரையும் சேர்ந்து எங்கே கிடைக்கும்? கூடவே ஆலோசனையும் இலவசம். ஒரு ரவுண்டுக்குச் சராசரி மூன்று ஆலோசனைகள். "வாதமா? வாதநாராயணக் கீரை சாப்பிடு." "சின்ன வயசுல தடி எதுக்கு? தூக்கிப் போடு, தானா நடப்பே!" அவர்களில் ஒருத்தர், எழுபத்தைந்து வயது இருக்கும், எதுவும் சொல்லாமல் என்னோடு தினமும் ஒரு சுற்று, என் வேகத்தில் வருவார். ஒரு மாதம் கழித்து, "எனக்கும் ஒரு தடி வாங்கணும். கூச்சமா இருந்தது. உன்னைப் பார்த்துத் தைரியம் வந்துடுத்து. எந்தக் கையில பிடிக்கணும்?" என்றார். நான் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "எந்தக் கால் ஸார் வீக்?" என்றேன்.

அடுத்தது தி.நகர். சுந்தரருக்குக் காவிரியே விலகி வழிவிட்டதாகச் சொல்வார்கள். ரங்கநாதன் தெரு யாருக்கும் விலகாது. அங்கே தடியோடு போனால் தடி ஒரு கடையிலும் நான் ஒரு கடையிலும் வெளியே வருவோம். நல்லவேளை, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரைக்கும் 2023 மே மாதம் ஆகாய நடைபாதை திறந்தார்கள். 570 மீட்டர். லிஃப்ட் உண்டு. மேலே கைப்பிடியை ஒட்டி நடந்தபடி கீழே ஜனசமுத்திரத்தைப் பார்ப்பது, ஆற்றில் குளிக்காமல் பாலத்தில் நின்று பார்ப்பது போல ஒரு சுகம். பாண்டி பஜாரில் 2019-ல் அகலமாகப் போட்ட நடைபாதையும் எனக்குத் தோது. நடப்பதைவிட உட்கார இடம் இருப்பது முக்கியம் என்று இந்த வியாதி வந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஊரைத் தெருத் தெருவாக அளப்பதை விட்டுவிட்டேன். பெஞ்சு பெஞ்சாக அளக்கிறேன்.

ஆனால், எங்களுக்கு உண்மையான வில்லன் கூட்டம் இல்லை. வெயில்! உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால் போதும், உறை கிழிந்த நரம்பில் சேதி பாதியில் நின்றுவிடும். ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் டாக்டர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால், எம்.எஸ்ஸா இல்லையா என்று பார்க்க ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைப்பார்களாம். கை கால் துவண்டால் சந்தேகம் உறுதி. சென்னைக்காரர்களுக்குத் தொட்டியே வேண்டாம், மே மாதம் வாசல் கதவைத் திறந்தால் போதும்! உடம்பு குளிர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புதிய சேதம் எதுவும் இல்லை. ஆனாலும், நடு ரோட்டில் கால் களிமண்ணாகும்போது இந்த விஞ்ஞானம் ஞாபகம் வராது. ஈரத் துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டே திரிகிறேன். "ஏதாவது கட்சியா ஸார்?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "ஆமாம், குளிர் கட்சி."

* * *

2023 மே கடைசியில் வெயில் என்று நினைத்தது, வெயில் இல்லை. உடம்பு ஆறியும் கால் திரும்பவில்லை. புதுத் தாக்குதல். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப். வீட்டுக்கு வந்தபோது இரண்டு வருஷமாகச் சேர்த்ததெல்லாம் போயிருந்தது. தகதிமி இல்லை, தகிட இல்லை, 'த'கூட இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கணக்குப் படித்தவன் இல்லையா? போட்ட முதல் முழுவதும் நஷ்டம் என்று எழுதி, கணக்கை மூடிவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், மகள் நச்சரித்து மெரீனாவுக்கு இழுத்துப் போனாள். வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியில். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டருக்கு மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப் பாதை தெரியும் அல்லவா? 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்துப் பகுதியைப் பிய்த்துப் போட்டது. "நம்ம ஊர் வேலை லட்சணம்" என்று நானும் அப்போது வீட்டில் உட்கார்ந்து நக்கல் அடித்தவன்தான். பிறகு சரி செய்து மறுபடி திறந்தார்கள்.

சரி செய்த பாதையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள் மனைவி. அலை பக்கத்தில் வந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்று பார்த்தேன். மகள் சும்மா இருக்காமல், "த... கி... ட..." என்றாள். பக்கத்து ஃப்ளாட்டைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடம். இடது கால் நகர்ந்தது. மூன்றே மூன்று தகிட. அப்புறம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால், ஒன்று தெரிந்தது. முதல் தடவை நாலு மாதம் பிடித்த பாடம், இந்தத் தடவை ஆறு வாரத்தில் வந்துவிட்டது. முழுவதும் வரவில்லை, பழைய வேகம் இல்லை. ஆனாலும், கற்றுக்கொண்டது எங்கேயோ ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கிறது. கணக்கை மூடியது என் அவசரம்.

இந்த மாதிரி சமயத்தில் தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு விஷயம். மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா என்று 1985-லிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு. இன்னொன்று, 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இந்த வியாதிக்கு இடம் கிடையாது. ஏழே வகைதான். 2016-ல் வந்த புதுச் சட்டத்தில் 21 வகை, அதில் எம்.எஸ்ஸும் பெயரோடு இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்பவர்களிடம் காட்டவாவது ஆகும்.

* * *

இப்போது, எங்கே போகணும் என்பதைச் சொல்கிறேன்.

என் அப்பா என்னைத் தோளில் வைத்துக் காட்டிய ஊர்வலம், கபாலீஸ்வரர் கோயில் அறுபத்துமூவர். அப்பா போய்விட்டார். என் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை நாலு மாட வீதியும் என் காலால் சுற்றிவர வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஆனால், அறுபத்துமூவர் பங்குனியில். மத்தியான வெயில், லட்சம் ஜனம். "அதுக்குப் பேசாம என்னைக் கொன்னுடு" என்றாள் அம்மா. என்னை என்று அவள் சொன்னது அவளை.

பதில் காலண்டரில் இருந்தது. மார்கழி! சென்னையில் விடியற்காலை குளிர்கிற மாசம். ஒரு காலத்தில் பாபநாசம் சிவன் முன்னே பாடிக்கொண்டு போக, மயிலாப்பூர் மாட வீதியில் மார்கழி பஜனை பிரசித்தம். இன்றைக்கும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. பஜனை கோஷ்டிக்கு யாரும் அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை. அடி அடியாகத்தான் நகரும். கையில் ஜால்ரா. ஜால்ரா என்றால் தாளம். தாளம் என்றால் எனக்குக் கால்!

2024 டிசம்பரில் ஒரு நாள், காலை ஐந்தரை. கிழக்கு கோபுரத்துக்கு எதிரே போய் நின்றேன். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் தடி. பின்னால் அம்மா, மடக்கு நாற்காலியோடு மனைவி, 'அங்கிள்' எப்படி நடக்கிறார் என்று பரீட்சை பார்க்க வித்வான். கோஷ்டியின் வால் பகுதியில் சேர்ந்துகொண்டோம்.

கிழக்கு மாட வீதி, சுலபம். ஜால்ரா சொன்னபடி கால் கேட்டது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், என் தடி படாமலிருக்கக் கோலத்தை ஓரத்தில் முடித்துக்கொண்டாள். தெற்கு மாட வீதி, பாதியில் மூச்சு வாங்கியது. நாற்காலி விரித்து இரண்டு நிமிஷம். கோஷ்டியில் ஒரு மாமா திரும்பிப் பார்த்து, பாட்டின் அடுத்த அடியை எடுக்காமல், முந்தின அடியையே இன்னும் இரண்டு தடவை பாட வைத்தார். ராகம் பிடித்ததால் பாடினாரா, என்னைப் பார்த்துப் பாடினாரா, தெரியாது. கேட்கவும் இல்லை. குளக்கரைப் பக்கம், மேற்கு. தெப்பக்குளத்துப் படிகளில் வெளிச்சம் விழ ஆரம்பித்திருந்தது. வடக்கு மாட வீதி முனைக்கு வந்தபோது இடது கால், "போதும்பா" என்றது. தரையில் தேய ஆரம்பித்தது. வித்வான் என் காதருகே வந்து, "அங்கிள், 'ட'வை முழுங்கறீங்க" என்றான்.

நின்றுவிட்டேன். முன்னே, "இன்னும் ஒண்ணுதானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு..." என்று நடந்து விழுந்திருப்பேன். எங்கே நிற்பது என்பதும் கற்றுக்கொண்ட பாடம்தான். கோஷ்டி வடக்கு வீதியில் திரும்பி, ஜால்ரா சத்தம் தேய்ந்து போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். யாரோ ஒரு அம்மாள் தொன்னையில் வெண்பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூணு வீதி ஆச்சுப்பா" என்றாள் மகள், விரலை மடக்கி.

பி.காம். படித்ததற்கு ஒரு பலன் உண்டு. வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால் அதை நஷ்டம் என்று எழுத மாட்டோம். பக்கத்தின் அடியில் தொகை போட்டு, 'கீழ்க்கொண்டு செல்லப்படுகிறது' என்று எழுதி, அடுத்த பக்கத்தின் தலையில் அதையே முதல் வரியாக வைத்து ஆரம்பிப்போம்.

வரப்போகிற மார்கழிக்கு என் ஆரம்ப இருப்பு: வடக்கு மாட வீதி, ஒன்று.

அதுவரை, நான் 'ட'வை முழுங்காமல் இருக்கப் பக்கத்து ஃப்ளாட்டில் காலை ஆறு மணிக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. அசோசியேஷனில் இப்போது எதிர் ஃப்ளாட் மாமி புகார் கொடுத்திருக்கிறாராம். சத்தம் தாங்கவில்லையாம். சுப்ரபாதம் கேட்க முடியவில்லையாம்.

மன்னிக்கணும் மாமி. எனக்கும் எம்.எஸ்.தான்!